மழைக்காரி

ஒன்பதாவது நகத்தை வெட்டும்போதுதான் சொல்லிவிடுவது என்று ஓட்டுநர் தீர்மானித்தார். அதற்கு முந்தைய எட்டு நகங்களுக்கும் எதிர்வீட்டு நாயைப் பற்றியும் பாலத்துக்கு அடிக்கிற புதுச் சாயத்தைப் பற்றியும் பேசியே பொழுதை ஓட்டியிருந்தார்.

மனைவியின் இடது பாதம் அவர் மடியில் இருந்தது. பாதம் என்று சொல்ல எடை எதுவும் தெரியவில்லை. காலையில் வந்த செவிலி ஊசி போட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, அந்தச் செருப்பிடமே சொல்வதுபோல், "இன்னிக்கு, இல்லன்னா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வலிக்கு ஒட்டுகிற பட்டை வாங்க மகள் பெரிய மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போனாள். போக ஒரு பஸ், வர ஒரு பஸ். முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அது ஐம்பத்தைந்து நிமிடப் பயணம் என்று கணக்குப் போடத் தெரியும். அதில் இருபது நிமிடம் நகத்திலேயே போய்விட்டது.

அவர் ஓட்டியது சாதாரண வண்டி அல்ல. ஊர் ஊராகப் போய் பெண்களுக்கு மார்பைப் படமெடுத்து, உள்ளே கட்டி ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று பார்க்கிற அரசாங்கப் பரிசோதனை வண்டி. பஸ் நீளம். ரோஜா நிறம் அடித்திருந்தார்கள். வெயில் பட்டுப்பட்டு அது பல் ஈறு நிறத்துக்கு வந்துவிட்டது. ஓட்டுவது அவருடைய வேலையில் கால் பங்குதான். முக்கால் பங்கு, ஏற்றுவது. வண்டி வரை வந்துவிடுகிற பெண்கள் படிக்கட்டைப் பார்த்ததும் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து திரும்பிவிடுவார்கள். அவர்களைத் திரும்ப விடாமல் பேசுவதற்கு உலகத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று தலைமை அலுவலகமே எழுத்தில் கொடுத்திருந்தது.

"நோகுமா?" என்று கேட்பார்கள்.

"நோகும்" என்பார். "வீட்டுக்காரர் பேச்சைக் கேக்கிற நோவுல பத்துல ஒரு பங்கு. அதுவும் அஞ்சு நிமிஷம்."

"எனக்கு வலி கிலி ஒண்ணும் இல்லீங்களே?"

"வலிச்சா வாங்கன்னு நான் சொல்லவே இல்லையே. வலிக்கிறதுக்கு முன்னாடி வாங்கன்னுதான் சொல்றேன். வலிச்சப்புறம் வர்றதுக்கு வேற வண்டி இருக்கு. அதுல உக்காந்து போக முடியாது, படுத்துக்கிட்டுதான் போகணும்."

அப்புறம் அந்த மேலதிகாரி கதை. ஒருமுறை அலுவலக மேலதிகாரி மேற்பார்வைக்கு வந்து, இயந்திரத்தின் இரண்டு பலகைகளுக்கும் நடுவே குனிந்து பார்த்தபோது அவருடைய டை மாட்டிக்கொண்டதாம். படமெடுக்கிற பெண் கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டாளாம். படத்தைக் கழுவிப் பார்த்தால், டை இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, சட்டைப்பையில் பேனா இருக்கிறது, நெஞ்சுக்குள் மட்டும் எதுவும் இல்லையாம். இதைக் கேட்டுச் சிரிக்காத பெண் இல்லை. சிரிக்கிற பெண்ணுக்கு முதல் படி ஏறுவது எளிது. இரண்டாவது படி ஆடும் என்பதால் அவர் கீழே ஒரு காலை ஊன்றி அதை அழுத்திக்கொண்டு, இடது தோளைக் கொடுப்பார். அப்படிப் பதினாலாயிரம் பேர் ஏறியிருக்கிறார்கள். அவருடைய சட்டைகள் எல்லாமே இடது தோளில்தான் முதலில் நைந்தன. அதில் நூற்றுப் பதினொரு பேருக்கு நேரத்தோடு தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் எங்காவது யாரையாவது திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கில் மட்டும் அவர் அளக்கவே மாட்டார்.

மற்றதில் எல்லாம் அளப்பார். ஆகவே அவருக்கு அளப்பண்ணன் என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல். "நகம் வெட்டுறீங்களா, எண்ணுறீங்களா?"

அவர் நகவெட்டியை விரிப்பில் வைத்தார்.

"ஒரு கதை சொல்றேன்."

"ம்."

"ஒரு ஊர்ல ஒரு வண்டி இருந்துச்சு."

"எவ்வளவு பெருசு?" இது அவள் வழக்கமாகக் கேட்பது. அவர் கதையில் வரும் வண்டிகள் ஒரு பக்கம் மழையிலும் மறு பக்கம் வெயிலிலும் நிற்கிற அளவுக்கு நீளமானவை.

"சாதாரண வண்டிதான்."

அவள் கண்ணைத் திறந்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் எதையும் சாதாரணம் என்று சொன்னதில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த வண்டிக்கு ஒரு விதி இருந்தது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து பேர். ஒரே ஊரில் மூன்று தடவை இருபத்தைந்துக்குக் கீழே போனால், ஆர்வமில்லாத ஊர் என்று எழுதி அந்த நிறுத்தத்தையே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அந்த ஊரில் வரத் தயாராக இருக்கிற பத்தொன்பது பேருக்கும் வண்டி இல்லை. மழை பெய்தால் பத்தொன்பதுக்கு மேல் வராது. ஆகவே மழை நாளில் ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அந்த ஆறு பேரை வண்டிக்குள்ளேயே உண்டாக்கினார்கள். உண்மையான பெயர், உண்மையான அடையாள எண், ஆனால் ஆள் மட்டும் இல்லை. படத்துக்கு, ஏற்கெனவே நலம் என்று முடிவு வந்த யாராவது ஒருத்தியின் படம். வண்டிக்குள் அவர்களுக்கு மழைக்காரிகள் என்று பெயர். படமெடுக்கிற பெண் தன்னுடைய அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரையும் மழைக்காரி ஆக்கினாள். அவளுக்கு உறவு தீர்ந்துபோன ஒரு நாள்...

"அந்த ஓட்டுநருக்கு உலகத்துலேயே ஒரே ஒரு அடையாள நம்பர்தான் மனப்பாடம்" என்றார். "தன்னோடது கூட அவனுக்குத் தெரியாது."



"எந்த ஊர்ல பேஞ்ச மழை?" என்றாள் அவள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"முதல் மழையா, ரெண்டாவதா?"

அவர் திரும்பினார். இரண்டு மழை இருந்தது என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இந்தக் கதையை டாக்டர் எனக்குச் சொல்லிட்டாரு" என்றாள். "உங்களை மாதிரி நல்லாச் சொல்லலை."

அவள் பொது நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிற வேலையில் இருந்தவள். ஒரு பக்கம் காணாமல் போயிருந்தால் எண்ணைப் பார்க்கமாட்டாள். கட்டைவிரலை ஓரத்தில் ஓட விட்டே சொல்லிவிடுவாள். அந்த விரல்தான் பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் குளிக்கும்போது வலது மார்பில், அக்குளுக்குக் கிட்டே, சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றைக் கண்டுபிடித்தது. வலி இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, பஸ் ஏறி, பகுதி மருத்துவரிடம் போனாள்.

"என் நம்பரைத் தட்டினாரு. அப்புறம் என்னைப் பாக்கலை, கம்ப்யூட்டரைத்தான் பாத்துக்கிட்டே பேசினாரு. 'அம்மா, நீங்க நாலு மாசம் முன்னாடிதானே வண்டியில எடுத்திருக்கீங்க. சுத்தமா இருக்கே. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியும் எடுத்திருக்கீங்க. அதுவும் சுத்தம்.' தேதியும் படிச்சாரு." மூச்சுக்கு நிறுத்தினாள். "அந்தத் தேதியில நான் அட்லஸுக்கு முதுகு ஒட்டிக்கிட்டிருந்தேன். நல்ல மழை. பசை காயவே இல்லை."

"நீ என்ன சொன்னே?"

"'ஆமாம் டாக்டர், மறந்தே போயிட்டேன்'னேன்."

ஓட்டுநருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நாக்கு முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள் கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

"ஏன்மா அப்படிச் சொன்னே?"

"பின்ன? உங்களைக் காட்டிக் குடுக்கறதுக்கா அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனேன்?"

அவள் சிரிக்க முயன்றது உதட்டோரத்தில் தெரிந்தது.

"லேசா அழுத்திப் பாத்தாரு. வயசுக்கு வர்ற கட்டியா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாரு. நான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது உங்ககிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்கா? உங்க வண்டியில எனக்கு ஒரு இடம் கிடைக்குமான்னு."

ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வி வந்ததும் அவர் மனசுக்குள் போட்ட கணக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷம் ஆவதற்குள் அதே எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது, ஏன் என்று கேட்கும். கேட்டால் எல்லா மழையும் வெளியே வரும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர் அவளைக் கேட்கவில்லை. அந்த மேலதிகாரி கதையைச் சொன்னார். டை, பொத்தான், பேனா.

"அப்பவே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். சொன்னா நானும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அந்த டை கதையைச் சொன்னீங்க. நூறு தடவை கேட்டதுதான். ஆனா சிரிப்பு வந்துடுச்சு." கண்ணை மூடிக்கொண்டாள். "சிரிச்சதுக்கப்புறம் எப்படிங்க அதைச் சொல்றது?"

அவர் விரிப்பில் கிடந்த நகத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார்.

"ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு. சரியா ஆறு மாசம் கழிச்சுப் போனேன். ஒருநாள் முந்திப் போகலை, பிந்தியும் போகலை."

அதற்குள் அது எலும்புக்குப் போய், அங்கிருந்து ஈரலுக்கும் போயிருந்தது. பெரிய மருத்துவமனையில் ஏட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இரண்டு படமும் நலம் என்று இருக்கிறதே, சில கட்டிகள் இப்படி நடுவில் புகுந்து வேகமாக வளர்ந்துவிடும், யாரையும் குறை சொல்ல முடியாது என்று மகளுக்கு விளக்கினார்கள். ஓட்டுநர் பக்கத்தில்தான் நின்றார். யாரையும் குறை சொல்ல முடியாது என்ற இடத்தில் அவரும் தலையை ஆட்டினார். அது நடந்து ஐந்து மாதம்.

"யாருங்க அது?" என்றாள் அவள்.

"யாரு?"

"என் பேர்ல இருக்கிறது. யாரோட நெஞ்சு?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை வெச்சிருக்கிற அம்மா."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. போன மாசம் கூட பாத்தேன். சைக்கிள்ல போறாங்க."

"சரி" என்றாள், ஏதோ ஒரு விஷயத்தில் மனம் ஆறியவள்போல. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போய்விட்டாளோ என்று அவர் குனிந்தபோது உதடு அசைந்தது.

"நம்ம பொண்ணுகிட்ட சொல்லணும். அவளுக்கும் நாப்பதாச்சு, எடுக்கிற வயசு."

"சொல்றேன்."

"கதையா இல்லாம."

"சரி."

"கையை ஆட்டாம. நீங்க கையை ஆட்டினா அவ நம்பமாட்டா. சின்னப் பிள்ளையிலேயே என்கிட்ட சொல்லியிருக்கா, அப்பா கை சும்மா இருந்தாத்தான் நிஜம்னு."

"ஆட்டலை."

"அந்தப் பத்தாவதையும் வெட்டிடுங்க. ஒண்ணு மட்டும் நீளமா இருந்தா துணியில மாட்டும்."

அவர் வெட்டினார். அது சுண்டுவிரல், அரிசிமணி அளவு நகம். அது தெறித்து எங்கோ போய் விழுந்தது. அவர் தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் பட்டைப் பெட்டியோடு உள்ளே வந்தாள். ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தப் பட்டைக்கு வேலை வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு, மகள் குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், குவளை நிரம்புவதற்குள் மனைவி போய்விட்டாள்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆள். பதினொரு மணிக்குச் சவ வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். முன்னறையில் சவப்பெட்டி. சுவரோரம் இரவல் நாற்காலிகள். நூலகத்திலிருந்து நான்கு பேர் வந்து, அங்கே பழகிய தோஷத்தில் இங்கேயும் குசுகுசுவென்று பேசினார்கள். பரிசோதனை வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, படமெடுக்கும் பெண் வந்தாள். தடித்த கண்ணாடி போட்டவள்; எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி. மாற்று ஓட்டுநர் இன்னும் வராததால் வண்டியை அவளே ஓட்டி வந்திருந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

இறப்புப் பதிவுக்காக நகராட்சி எழுத்தர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். மகள் மருத்துவக் கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாகப் படித்துச் சொன்னாள்.

"முன்பு பரிசோதனை செய்தது உண்டா?" என்றார் எழுத்தர்.

"உண்டு. ரெண்டு தடவை." மகள் தேதிகளைப் படித்தாள். "ரெண்டும் நலம்."

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். நாற்காலி வரிசையில் சலவைக்கடைக்காரி பக்கத்து நாற்காலியின் பக்கம் சாய்ந்தாள். அவளுக்கு மெல்லப் பேச வராது. இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"கேட்டியா? ரெண்டு தடவை எடுத்திருக்காங்க. நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருக்கு. மிஷின் என்னத்தைக் கண்டுச்சு?"

"வண்டிக்காரர் வீட்லயே இப்படின்னா நாமெல்லாம் எந்த மூலை" என்றாள் மற்றவள்.

"எனக்கு வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நான் போகப்போறதில்ல. நாலு பேர் முன்னாடி சட்டையைக் கழட்டி, நசுக்கு வாங்கி, கடைசியில இதுதான்னா எதுக்கு?"

மூன்று நான்கு தலைகள் ஆடின. தலை ஆடுகிற சத்தம் என்று ஒன்று இருப்பதாக ஓட்டுநருக்கு அதற்கு முன் தெரியாது. அவர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பதினாலாயிரம் பெண்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வீட்டுக்குப் போவது அவருக்குத் தெரிந்தது. யாரும் அவசரப்படவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள்போலப் போனார்கள்.

மகள் கோப்பை மூடினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னையும் படமெடுத்துப் பாத்துக்கச் சொன்னாரு, அம்மாவுக்கு வந்திருக்கறதால கட்டாயம் எடுக்கணும்னாரு. நான் எடுக்கப்போறதில்ல. அம்மா சொன்னதையெல்லாம் ஒழுங்காச் செஞ்சா. எடுக்க வேண்டிய வயசுல எடுத்தா. எடுத்தும் ஒண்ணும் நடக்கலை. இனிமே என்னை யாரும் கேக்காதீங்க."

எழுத்தர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அதைத் தாங்க முடியாமல் நூலகத்துக் காவலாளிதான் பேசினார். நல்ல மனிதர், அளப்பண்ணனின் கதைகளைக் கேட்கவென்றே மதியம் சாப்பிட இந்த வீட்டுப் பக்கம் வருகிறவர்.

"அண்ணே, ஏதாவது சொல்லுங்க. அந்தம்மாவுக்கும் உங்க பேச்சுதான் பிடிக்கும். உங்க மனசும் லேசாகும்."

"ஆமாண்ணே, சொல்லுங்க" என்றார்கள் இரண்டு பேர்.

நாற்காலிகள் கொஞ்சம் திரும்பின. ஓட்டுநர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு உள்ளங்கை கீழே இருக்கும்படி அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அது அவ படம் இல்ல" என்றார்.

காத்திருந்தார்கள். அவர் கதைகள் இப்படித்தான், எதிர்பாராத இடத்தில் தொடங்கும்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை வெச்சிருக்கிற அம்மாவோட படம். ரெண்டு தடவையும் அதேதான். இவ வண்டியில ஏறினதே இல்ல. மழை பேஞ்சுச்சு, ஆள் குறைஞ்சுது, நான் இவ நம்பரைப் போட்டேன்."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்து, சிரித்ததற்காக இருமினார்கள். "பாவம்" என்றாள் சலவைக்கடைக்காரி. "இந்த நேரத்துலயும் நமக்காக ஏதாவது கட்டிச் சொல்றாரு பாரு. பால்பண்ணைக்காரி நெஞ்சாம்." காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

மேலே சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. எப்போதும் இந்த இடத்தில் ஒரு மேலதிகாரி வருவார், ஒரு டை வரும், எருமை அளவு ஒரு எலி வரும். இப்போது யாரும் வரவில்லை.

"அவளுக்குக் கட்டி தெரிஞ்சு டாக்டர்கிட்ட போனா. நலம்னு இருக்கேன்னு சொல்லி ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு. அவ என்னைக் காட்டிக் குடுக்கலை" என்றார். "மிஷின் மேல தப்பு இல்ல."

மகள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத் தேடினாள். மடியில் இல்லை, காற்றில் இல்லை. தொடைக்கு அடியிலிருந்து விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன; வெளுத்துப்போயிருந்தன. பிறகு அவள் பார்வை மெல்ல வாசலுக்குப் போனது. கண்ணாடிக்காரி தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது.

"வண்டி வந்துடுச்சு" என்றார் யாரோ.

பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். இடது தோளைக் கொடுத்தார். அவருக்கு முன்னால் நின்று தூக்க வேண்டிய மகள், பக்கம் மாறி நின்றுகொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மணி மூன்று. நாற்காலிக்காரர்கள் வந்து நாற்காலிகளை அடுக்கி எடுத்துப்போயிருந்தார்கள். முன்னறையில் மனைவியின் கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. ஓட்டுநர் அங்கே மண்டியிட்டு, நேற்றுத் தெறித்த நகத்தைத் தேடினார். விளக்குமாறு போட்டாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் தேடினார்.

மகள் உள்ளறையிலிருந்து வந்து அவரைத் தாண்டி வெளியே போனாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. எழுந்து பின்னால் போனார். தெருமுனையில் பரிசோதனை வண்டி நின்றிருந்தது. வெயில் முழுக்க அதன் மேல் இருந்தது. கண்ணாடிக்காரி ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். "எனக்கு எடுங்க."

"இன்னிக்கா? இன்னிக்கு வேண்டாம்மா. இன்னொரு நாள்..."

"இன்னிக்கு மழை இல்லையே" என்றாள் மகள்.

கண்ணாடிக்காரி இறங்கினாள். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. பின்கதவு திறந்தது. ஓட்டுநர் சொல்லாமலே வந்து, படிக்கட்டை இழுத்து இறக்கி, கொக்கியை மாட்டி, ஆடுகிற இரண்டாவது படியின் அடியில் வலது காலை ஊன்றினார். இடது தோளைச் சற்றுத் தாழ்த்தினார். முப்பத்தோரு வருஷமாக அந்த உடம்பு தானாகச் செய்கிற வேலை.

மகள் தோளைப் பார்த்தாள். பிறகு, இதுவரை யாரும் தொடாததால் பெயிண்ட் கூட உரியாத கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய தகடு; உள்ளே பேசுவது வெளியே நன்றாகக் கேட்கும். அதற்காகவே அவர் எப்போதும் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றுகொள்வார். இன்றைக்கு ஊன்றிய காலை எடுக்க முடியவில்லை.

"பேரு தெரியும். நம்பர் சொல்லும்மா."

மகள் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். அவருக்குப் புதிதாக இருந்தது. அந்த எண்ணை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

கண்ணாடிக்காரி தட்டச்சு செய்கிற சத்தம். அப்புறம், ஒருநாளைக்கு இருபத்தைந்து தடவை கேட்கிற அந்தக் கேள்வியை, பழக்கத்தில், அதே குரலில் கேட்டாள்:

"இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா?"

ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

"எனக்குத் தெரியலை" என்றாள் மகள். "வெளியில நிக்கிறவர்கிட்ட கேளுங்க."

கதவு திறக்கவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை. வானத்தில் பெயருக்குக் கூட ஒரு மேகம் இல்லை. ஓட்டுநர் படியில் ஊன்றிய காலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். படி ஆடவில்லை.